மூங்கில் கட்டு வரும், பிரிக்காதே

சோங்சிங், சீனா
நவம்பர் 6

அன்பு மகள் நிங்குக்கு,

உன் விரல்கள் எப்படி இருக்கின்றன? நலமா என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் போகும் நிலையில் நாம் இருவரும் இல்லை, அதனால் விரல்களை மட்டும் கேட்கிறேன். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன், உன் அம்மா கோபத்தோடு இருக்கிறாள், ஆகவே வீட்டில் எல்லாம் வழக்கம்போல என்று வைத்துக்கொள். மூடுபனி தொடங்கிவிட்டது, துவைத்துப் போட்ட சட்டை மூன்று நாளாகக் காயவில்லை, ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் என் பள்ளி கண்ணுக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

முதலில் முக்கியமானது. வீட்டிலிருந்து உனக்கு ஒரு பொட்டலம் வரும். கப்பலில் வருகிறது, இந்த மாதக் கடைசியில் வான்கூவர் வந்து சேரும் என்று அஞ்சலகத்தில் சொன்னார்கள். அதைப் பிரிக்காதே. கைபேசியில் இதைத்தான் அனுப்பினேன், நீ “பிறந்தநாள் பரிசாப்பா?” என்று கேட்டு ஒரு சிரிக்கிற பொம்மையையும் போட்டாய். பரிசு இல்லை. அதற்குள் ஒரு மூங்கில் கட்டு இருக்கிறது, மெல்லிய மூங்கில் பட்டைகள் ஐம்பது, ஒரு முனையில் சிவப்புக் கயிறு சுற்றிப் பிடி போட்டது. கூடவே ஒரு காகிதமும் இருக்கிறது. அந்தக் காகிதத்தைப் படிப்பதற்கு முன் இதைப் படித்து முடித்துவிட வேண்டும் என்றுதான் இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். தொலைபேசியில் சொல்ல முடியாது, உன் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அவளுக்கு இந்தப் பொட்டலத்தைப் பற்றித் தெரியாது. தெரிந்தால் நான் மறுபடியும் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசியதை நான் கேட்டேன். காலையில் விரல் மடங்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது, பல் செய்யும் மெழுகைக்கூடப் பிடிக்க முடியவில்லை, பகல் பன்னிரண்டு மணிக்கே சாக்குப் பை மாதிரிச் சரிந்துவிடுகிறேன் என்றாய். மாத்திரையால் முடி கொட்டுகிறது, விட்டுவிடலாம் என்று இருக்கிறேன், இந்த நோயை உடற்பயிற்சிக் கூடத்தில் அடித்து நொறுக்கப் போகிறேன், அங்கே ஒருவன் கத்திக் கத்தியே பயிற்சி கொடுக்கிறான் என்றாய். கடைசியில், “அப்பா என்ன சொல்றார்? அவர் எழுதிக் குடுத்தா கேக்குறேன்” என்றாய். அம்மா என் பக்கம் திரும்பினாள். எழுதுகிறேன் என்று சொன்னேன். பேனாவைச் சுற்றிப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சை வைத்துக் கட்டித் தடிமனாக்கிக் கொண்டு எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் கூடாது என்று மருத்துவமனை உத்தரவு. அதனால் எழுத்து இடையிடையே மாறியிருந்தால் நாள் மாறியிருக்கிறது என்று புரிந்துகொள்.

ஆறு வருடமாக எனக்கும் இதே முடக்குவாதம் என்பது உனக்குத் தெரியும். நான்கு வருடம் அந்த மஞ்சள் மாத்திரை வாரம் ஒரு தடவை விழுங்கி, ஒருவழியாகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். போன வசந்தத்தில் களைப்பு முற்றியது. இது உழைத்து வந்த களைப்பு அல்ல, தூங்கி எழும்போதே இருக்கும், உடம்பை யாரோ ஈரத்துணி மாதிரிப் பிழிந்து போட்டதுபோல. மருத்துவ விடுப்பு எடுத்தேன். மூன்றாம் நாளே என் வரலாற்றுத் துறைத் தலைவர் நாற்காலியில் என்னிடம் படித்த பையன் ஒருவனைத் தலைமையாசிரியர் உட்கார வைத்தார், அவனுக்கு வம்சங்களை வரிசையாகச் சொல்லத் தெரியாது. அது இருக்கட்டும். இல்லை, இருக்கக் கூடாது, ஆனால் ஒரு பக்கம்தான் எழுதலாம்.

நான் ஏழாவது மாடி, மின்தூக்கி கிடையாது, நூற்றுப் பன்னிரண்டு படி. உன் பெரியப்பா தரைத்தளம். முழங்கால் வலி என்று உன் தாத்தாவிடம் பொய் சொல்லி அந்த வீட்டை வாங்கிக்கொண்டார், தாத்தாவைப் புதைத்த மறு வாரமே மலையேறப் போனார், புகைப்படம் என்னிடம் இருக்கிறது. நான் படியேறும் நேரம் பார்த்து வாசலில் நாற்காலி போட்டுத் தர்ப்பூசணி விதை கொறித்துக்கொண்டு இருப்பார். “டேய் ரெண்டாவது, என்னடா படிய எண்ணிக்கிட்டே ஏறுற? கணக்கு வாத்தியார் ஆயிட்டியா?” என்பார், நான் இரண்டாவது மகன் என்பதை நாளுக்கு ஒரு தடவை நினைவுபடுத்தாமல் விட மாட்டார். மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள், வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை விட்டு மெதுவாக மூடித் திறக்க வேண்டும், படுக்கையில் குதிகாலை மெதுவாக இழுக்க வேண்டும் என்று. மேலே தண்ணீர் வராத ஒரு நாள் அவர் வீட்டுக் குழாயடியில் நான் அதைச் செய்வதைப் பார்த்துவிட்டார். “பேசின்ல கைய விட்டு என்னடா பண்ற, மீன் புடிக்கிறியா? ஆம்பளையா பொறந்தவன் செய்யுற வேலையாடா இது? எங்கூட பூங்காவுக்கு வா. ரெண்டு மாசத்துல இந்தப் படியில உன்ன ஓட வைக்கிறேன்” என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. எனக்கும் அந்தத் தாள் குழந்தைகள் விளையாட்டு என்றுதான் தோன்றியிருந்தது. அவர் சொன்னதால் போகவில்லை, அவர் சொன்னது என் மனதிலும் இருந்ததால் போனேன்.

மலைமேல் பூங்காவில் காலை ஆறரை மணிக்கு நாற்பது பேர் தங்களைத் தாங்களே அடித்துக்கொண்டு இருந்தார்கள். நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய், கிழவர்கள் மரத்தில் முதுகை மோதுவதை. இது அதற்கும் மேல். கையால், மூங்கில் கட்டால், முழங்கையின் உள்பக்கம், முழங்காலின் பின்பக்கம், மணிக்கட்டு, ஒவ்வொரு இடமும் ஐந்நூறு அடி. சத்தம் ஆற்றுவரை கேட்கும். அதற்குத் தலைவர் தெங் என்பவர், முன்பு தண்ணீர் பம்பு விற்றவர். பம்பு விற்றவனுக்கு அடைப்பைத் தவிர வேறென்ன தெரியும்? “வலிக்குற எடத்துல அடைப்பு இருக்கு. அடைப்பு இருக்குற எடத்துல அடி. கறுப்பா எழும்புனா விஷம் வெளிய வருதுன்னு அர்த்தம். எழும்பலன்னா நீ சரியா அடிக்கலன்னு அர்த்தம்” என்பார். நம் ஊரில் வலி என்றால் அடைப்பு என்று மருத்துவர் வாயிலிருந்து மீன்காரி வாய்வரை எல்லோரும் சொல்வதுதான், அதனால் கேட்க நியாயமாக இருந்தது. அடித்து முடித்ததும் சட்டையைச் சுருட்டி ஒருவருக்கொருவர் காட்டுவார்கள், யாருடையது அதிகக் கறுப்போ அவருக்குக் கைதட்டல்.

நிங், ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அது இன்பமாக இருந்தது. ஐம்பத்தைந்து வயது வரை எவனை எவனையெல்லாம் அடிக்க முடியாமல் போனதோ, அவனையெல்லாம் என் முழங்காலில் உட்கார வைத்து அடித்தேன். தலைமையாசிரியருக்கு நூறு, நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு நூறு, உன் பெரியப்பா பக்கத்திலேயே நின்று அடித்துக்கொண்டு இருக்க அவருக்கு முந்நூறு. பத்தாம் நாளில் கூட்டத்திலேயே அதிகக் கறுப்பு என்னுடையதுதான். கைதட்டினார்கள். பதினைந்து வருடமாக எனக்கு யாரும் கைதட்டியதில்லை. தெங் என் தோளில் கை போட்டு, “வாத்தியாரே, அடியும் மாத்திரையும் ஒண்ணா ஓடாது, ஒரு வீட்டுல ரெண்டு பொண்டாட்டி மாதிரி. ஒண்ண வெரட்டிவிடுங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து மாத்திரைகளை அட்டையோடு பால்கனியில் இருந்த மிளகாய்ச் செடித் தொட்டியில் புதைத்தேன்.

நேற்று இங்கே நிறுத்தினேன். இன்று எட்டாம் தேதி.

மாத்திரையை விட்ட பிறகு மூன்று வாரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. விழுங்கிய மருந்தின் மிச்சம் உடம்பில் வேலை செய்தது என்று பிறகு மருத்துவர் சொன்னார், நான் அதை மூங்கிலின் வேலை என்று நினைத்தேன். நூற்றுப் பன்னிரண்டு படியை நிற்காமல் ஏறினேன். பெரியப்பா கீழே நின்று கத்திக் கத்தி எண்ணினார். அந்த மூன்று வாரத்தை நினைவில் வைத்துக்கொள், கடைசியில் அதற்குத் திரும்ப வருவேன்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி காலையில் என் வலது முழங்கால் பம்பளிமாஸ் அளவுக்கு இருந்தது. இரண்டு மணிக்கட்டும் கெட்டில் மாதிரிச் சுட்டன. காய்ச்சல். உன் அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். உன் பெரியப்பா நான்கு வருடத்தில் முதல் தடவையாக ஏழு மாடி ஏறி வந்தார். நான் வரவில்லை என்றேன். “விஷம் வாசலுக்கு வந்து நிக்கும்போது கதவச் சாத்துவியாடா முட்டாளே?” என்று என் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டு போனார். படியில் இரண்டு தடவை கால் மடங்கியது, இரண்டு தடவையும் காலரைப் பிடித்துத் தூக்கினார். பூங்காவில் தெங் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதுதான் திருப்பம், இன்றைக்கு விட்டால் உள்ளே போய்விடும் என்றார். எனக்கு மூங்கிலைப் பிடிக்கவே விரல் மடங்கவில்லை. “அப்ப நான் அடிக்கிறேன், நீங்க புடிங்க” என்று அவர் சொல்ல, உன் பெரியப்பா பின்னாலிருந்து என் இரண்டு முன்கைகளையும் இறுக்கிப் பிடித்தார். தெங் அடித்தார். நான் நிறுத்தச் சொன்னேன். “கத்தட்டும், கத்துனா நல்லது, காத்து வெளிய போகும்” என்றார் தெங். இருபதாவது அடியில் வலது மணிக்கட்டுக்குள் ஏதோ நழுவியது, ஈரக் கயிறு கப்பியை விட்டு நழுவுகிற மாதிரி. அந்தச் சத்தத்தை நான் காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டேன்.

தலையைப் பின்னால் வீசி உன் பெரியப்பா வாயில் மோதினேன். அவர் பிடியை விட்டார். திரும்பி இன்னொரு தடவை நெற்றியால் மோதினேன், இந்தத் தடவை வேண்டுமென்றே, குறி பார்த்து. இரண்டு முன்பல் போயிற்று. அவர் என் விலாவில் குத்தினார். நான் அவர் காதைக் கடித்தேன். இருவரும் கட்டிப் புரண்டு பதினோரு படி உருண்டோம், விழுந்தபடியே அவர் “டேய் ரெண்டாவது, நான் உன் அண்ணன்டா, அண்ணன்டா” என்று ரத்தத்தோடு கத்தினார், “அதான்டா அடிக்கிறேன்” என்று நானும் கத்தினேன். மேலே பாதிப் பேர் இன்னும் தங்களை அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள், எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாதே. அப்போது உன் அம்மா வந்தாள். சந்தையிலிருந்து திரும்பி, மிளகாய்ச் செடி வாடியிருக்கிறதே என்று தொட்டியைக் கிளறியிருக்கிறாள், மாத்திரைகள் எல்லாம் முளைக்காமல் கிடந்திருக்கின்றன. வாணலி இரும்புக் கரண்டியோடு வந்தவள் எங்கள் இருவரையும் தாண்டி நேராகத் தெங்கிடம் போய் அவர் தோளில் போட்டாள். “விஷம் வெளிய வருதா பாரு! வரலியா? அப்ப நான் சரியா அடிக்கல!” என்று இன்னொன்று போட்டாள். காவல் நிலையத்தில் யார் புகார் கொடுக்கிறீர்கள் என்று கேட்டபோது நாலு பேரும் நாலு பேரையும் காட்டினோம்.

உன் பெரியப்பாவுக்கு இன்னும் முன்பல் கட்டவில்லை. பல் செய்வது உன் தொழில், உனக்கு இளகிய மனது, செய்து அனுப்பிவிடாதே.

பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தேன். மருத்துவர் ஓர் அம்மையார், என் வயது இருக்கும், ஊடுகதிர்ப் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திட்டியதை வரிசையாக எழுதினால் ஒரு பக்கம் அதிலேயே போய்விடும். சுருக்கமாக, “வீடு பத்தி எரியுதுன்னு சுவர இடிச்சா நெருப்பு அணையுமா? நீங்க பாடம் நடத்துன புள்ளைங்க கதி என்ன?” என்றார். இந்த நோயில் உடம்பே தன் மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறதாம். நான் அதற்குத் துணைப்படை அனுப்பியிருக்கிறேன். வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் இனி நிமிராது, உள்ளே தசைநார் அறுந்துவிட்டது. மணிக்கட்டு பாதிதான் வளையும். மற்றவை மாத்திரையைத் திரும்பத் தொடங்கியதில் மெல்ல அடங்கி வருகின்றன.

இன்று பத்தாம் தேதி. நேற்று களைப்பில் ஒன்றும் எழுதவில்லை.

பிசியோதெரபிக்கு லுவோ என்ற பெண்ணிடம் அனுப்பினார்கள். உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள், பள்ளிக்காலத்தில் பளு தூக்கியவளாம், கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும். அப்படிப்பட்டவள் முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை வெந்நீரில் கையை வைத்து மெதுவாக மூடித் திறப்பது. அதே மீன் பிடிக்கும் வேலை. எனக்கு ஆத்திரம் வந்தது. இதற்காகவா நான் இவ்வளவு பட்டேன் என்று கேட்டேன். “ரான் வாத்தியாரே, பாரம் தூக்குறது சுலபம், நான் தூக்கியிருக்கேன். இது கஷ்டம். நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தணும்” என்றாள். பிறகு, எதையாவது மனதில் நினைத்துக்கொண்டு மூடினால் அவசரப்படாமல் வரும் என்றாள். நான் உன் பெரியப்பாவின் கழுத்தை நினைத்துக்கொண்டு மூடினேன். பத்துத் தடவை, மிக மெதுவாக. என்ன நினைத்தீர்கள் என்று கேட்டாள், சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “யார் கழுத்த வேணும்னாலும் நெனச்சுக்கோங்க, ஆனா இறுக்கக் கூடாது” என்றாள். நிங், ஆறு வாரமாகத் தினமும் இரண்டு வேளை உன் பெரியப்பா கழுத்தில் கை வைத்து, இறுக்காமல் எடுத்துக்கொண்டு இருக்கிறேன். அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. இறுக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உனக்கு. காலையில் எழுந்தவுடன் விரலை வலுக்கட்டாயமாக மடக்காதே, முதலில் வெந்நீர், பத்து நிமிடம், பிறகு நீருக்குள்ளேயே அசை. படுக்கையிலேயே குதிகாலை உன் பக்கம் இழுத்து நீட்டு, ஐந்து தடவை போதும். ஒரு மூட்டு சிவந்து சூடாக இருந்தால் அன்றைக்கு அதற்குப் பாரம் கிடையாது, வலிக்காத அளவுக்கு மெல்ல அசைத்துவிட்டு விட்டுவிடு. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி கூடியே இருந்தால் அளவுக்கு மீறிவிட்டாய் என்று பொருள், மறுநாள் பாதியாகக் குறை, ஆனால் முழுக்க நிறுத்தாதே, முழுக்க நிறுத்தினால் துருப்பிடிக்கும். நட. உங்கள் ஊர் சமதரை என்கிறாய், கொடுத்து வைத்தவள். மலைச்சரிவில் கட்டிய இந்த ஊரில் சமமாக இருநூறு அடி நடக்க நான் பக்கத்துக் கட்டடத்தின் மின்தூக்கியில் பதினொன்றாவது மாடிக்குப் போய், அங்கே திறக்கும் மேல்தெருப் பாலத்தில் நடக்கிறேன். அங்கே ஒரு காவலாளி என்னை வேற்றாள் என்று இரண்டு தடவை விரட்டினான், அவன் பெயரையும் குறித்து வைத்திருக்கிறேன். நல்ல நாள் வந்தால் எல்லா வேலையையும் அன்றே முடிக்கப் பாயாதே, நல்ல நாள்தான் நம்மைக் கவிழ்க்கும். களைத்த பிறகு உட்காராதே, களைக்கும் முன்பு உட்கார். உன் முதலாளியிடம் சொல்லி மெழுகுக் கத்திக்குத் தடித்த பிடி போட்டுக்கொள். அந்தக் கத்துகிற பயிற்சியாளனிடம் போகாதே. கத்துகிறவர்களை எனக்குத் தெரியும், நானும் ஒருவன். முடி கொட்டுவதை உன் மருத்துவரிடம் சொல், அதற்கும் வழி இருக்கும், அளவை மாற்றுவார்கள், வேறு மருந்து தருவார்கள், ஆனால் நீயாக ஒரு மாத்திரையையும் விடாதே.

இன்று பதினொன்று. கடைசிப் பக்கம். இதைத்தான் ஐந்து நாளாகத் தள்ளிப்போட்டேன்.

மூங்கில் கட்டை உனக்கு அனுப்பியது யார் என்று நான் சொல்லவில்லை. பெரியப்பா என்று நினைத்திருப்பாய், அப்படி நினைக்கும்படிதான் எழுதிக்கொண்டு வந்தேன். அவர் இல்லை, நான். அந்த மூன்று நல்ல வாரங்களின் கடைசியில், ஆகஸ்ட் மாதம், உனக்கும் இதே நோய் என்று நீ சொன்ன மறுநாள், தெங்கிடம் இருந்ததிலேயே நல்ல கட்டாகப் பொறுக்கி எடுத்து, எண்ணெய் பூசித் துடைத்து, நானே அஞ்சலகத்துக்கு எடுத்துப் போனேன். யாரும் தூண்டவில்லை. கூட இருக்கும் காகிதத்தில் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது, மாத்திரையை விட்டுவிடு, விரல் கணுக்கள் ஒவ்வொன்றிலும் நூறு அடி, கறுக்கும் வரை அடி, வலித்தால் பொறுத்துக்கொள், என் மகளாக இருந்தால் பொறுத்துக்கொள்வாய் என்று. கடைசி வரியை நினைத்தால் எனக்கு இந்தப் பேனாவைச் சன்னலுக்கு வெளியே வீச வேண்டும் போல இருக்கிறது. நீ அப்பா எழுதிக் கொடுத்தால் கேட்பேன் என்கிறவள். அந்தக் காகிதம் இந்தக் கடிதத்துக்கு முன்னால் வந்திருந்தால் நீ கேட்டிருப்பாய்.

ஏன் கேட்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். உனக்கு ஏழு வயது, இடது கையால் எழுதுகிறாய் என்று மரச் சட்டத்தால் விரல் கணுவில் அடித்தேன். ஒரு நாள் இல்லை, ஒரு குளிர்காலம் முழுவதும். நீ அழ மாட்டாய், கையை நீட்டிக்கொண்டு எண்ணுவாய். உன் அம்மா ஒரு நாள் அந்தச் சட்டத்தை நிலைக்கதவில் அடித்து உடைத்தாள், நான் வேறொன்று வாங்கினேன். மருத்துவமனையில் அந்த அம்மையாரிடம், சின்ன வயதில் அடி வாங்கிய கையில் இந்த நோய் வருமா என்று கேட்டேன். “அதனால வராது” என்று சொல்லிவிட்டு, எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்து, “யார் கைய அடிச்சீங்க?” என்றார். உனக்கு நோய் தொடங்கியிருப்பது இடது கையில் என்று அம்மா சொன்னாள். அதனால் வராது என்றுதான் மருத்துவர் சொன்னார், நானும் அதை நம்புகிறேன், பகலில் நம்புகிறேன்.

அவரவர் செய்ததை நான் மறப்பவன் இல்லை என்று உனக்குத் தெரியும். தலைமையாசிரியர், பெரியப்பா, தெங், காவலாளி, எல்லோருடைய வரிசையும் என்னிடம் இருக்கிறது. அந்த வரிசையில் முதல் பெயராக என்னுடையதைப் போட்டிருக்கிறேன். நீயும் உன் வரிசையில் போட்டுக்கொள், நான் தடுக்க மாட்டேன், நீ மறக்க வேண்டும் என்று கேட்கவும் மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், என் மேல் இருக்கும் கோபத்தை உன் கையின் மேல் காட்டாதே. என் கையெழுத்தில் இரண்டு காகிதம் உன்னிடம் இருக்கப் போகிறது. நிமிர்ந்த விரல்களால் எழுதியது பொய், இந்தக் கோணல் எழுத்தை நம்பு.

அம்மா உனக்கு வறுத்து அரைத்த மிளகாய்ப் பொடி தனியாக அனுப்புகிறாள், அதைப் பிரிக்கலாம். டப்பா மூடியை நீயே திருகாதே, யாரையாவது திறந்து தரச் சொல். குளிர் வந்துவிட்டது, கையுறை போடு. நீ நூறு வயது இருப்பாய், நூறு வயதிலும் உன் விரல்கள் உன்னுடையவையாக இருக்கட்டும். இன்னும் மூன்று பேரைப் பற்றி எழுத வேண்டியது இருக்கிறது, மணிக்கட்டு சூடாகத் தொடங்கிவிட்டது, நிறுத்துகிறேன். நிறுத்த வேண்டிய இடம் இதுதான்.

பொட்டலத்தை மறக்காதே. அதை அம்மா என் சட்டத்தை உடைத்தது மாதிரி நீ உடைக்க வேண்டும் என்றுதான் முதல் நாள் எழுத நினைத்தேன். வேண்டாம். ஐம்பது பட்டை, உடைத்தால் உன் விரல் வலிக்கும். அப்படியே குப்பையில் போட்டுவிடு.

உன் அப்பா,
ரான் குவோஜுங்